இணையதளத்தில் விளம்பரக் காசு: சேரன்மகாதேவித் தம்பிக்கு ஒரு கணக்கு

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சொந்தமாக ஒரு இணையதளம் ஆரம்பித்து கூகுள் விளம்பரம் போட்டுவிட்டால், நாம் தூங்கும்போதும் பணம் வந்துகொண்டே இருக்கும் என்கிறார்கள். அதைச் சொல்லித்தர ஒரு ஆன்லைன் வகுப்புக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?"

வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். ஆனால் தளத்தை அவசியம் ஆரம்பியுங்கள். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கூகுளின் ஆட்சென்ஸ் 2003இல் வந்தது. ஒரு நிறுவனம் தன் விளம்பரத்தைக் கூகுளிடம் கொடுக்கிறது. உங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கும் அந்தக் கணத்தில், அங்கே எந்த விளம்பரம் வரவேண்டும் என்று ஓர் ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரதாரர் கூகுள் மூலம் 100 ரூபாய் செலவழித்தால், வாங்கும் பக்கத்துக் கட்டணமாகச் சராசரியாக 15 ரூபாயைக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. மீதி 85இல் 80 சதவீதம் தளம் நடத்துபவருக்கு. ஆக, உங்கள் கைக்கு வருவது 68 ரூபாய்.

இதில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பல வகுப்புகளில் இன்னும் பழைய பாடத்தையே நடத்துவதால் அதை அழுத்திச் சொல்கிறேன். நெடுங்காலம் ஆட்சென்ஸில் பெரும்பாலும் க்ளிக்குக்குத்தான் காசு. யாராவது விளம்பரத்தை அமுக்கினால்தான் தளக்காரருக்கு வருமானம். 2023 நவம்பரில் கூகுள் இதை மாற்றப்போவதாக அறிவித்து, 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஆகவே "க்ளிக் வாங்கும் ரகசியம்" என்று யாராவது விற்றால், காலாவதியான சரக்கை விற்கிறார் என்று பொருள். இப்போது உங்கள் வருமானத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை பேர் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தக் கதவு திறந்ததே தாமதமாகத்தான். இந்திக்கு 2014 டிசம்பரிலேயே ஆட்சென்ஸ் அனுமதி கிடைத்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தமிழ் வலைப்பூக்களில் எழுதியவர்கள் கூகுளின் விளம்பரக் காசை நம்பி எழுதவில்லை. அதனால்தான் அன்றைய வலைப்பூக்களில் இன்றைக்கும் படிக்கத் தகுந்த சரக்கு கிடைக்கிறது என்பது என் எண்ணம். 2018க்குப் பிறகு தமிழில் முளைத்த தளங்களில் பெரும்பகுதி ஒன்றையொன்று காப்பியடித்தவை. அந்தக் கூட்டத்தில் போய் நிற்காமல் இருந்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது.

இனி வருமானக் கணக்கு. தமிழ்ப் பக்கத்துக்கு ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. துறைக்குத் துறை, மாதத்துக்கு மாதம் மாறும். வங்கி, காப்பீடு, படிப்பு, வீட்டுமனை பற்றிய பக்கங்களுக்கு விலை அதிகம். சினிமா, ராசிபலன், வாழ்த்துப் படங்களுக்குக் குறைவு. அதே பக்கத்தை அமெரிக்காவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஒருவர் திறந்தால் பொதுவாகக் கூடுதல் விலை விழும். கணக்குக்காக ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் தளத்துக்கு ஒரு நாளைக்கு 500 பார்வை வருகிறது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதுவே நல்ல எண்ணிக்கை. மாதம் 15,000 பார்வை என்றால் ஏழரை டாலர், ஏறக்குறைய 640 ரூபாய். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள். அந்த வேகத்தில் 14ஆம் மாதம்தான் அந்த 100 டாலர் சேரும், பணம் கிடைப்பது அதற்கடுத்த மாதம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வேண்டுமென்றால் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல் பார்வை வேண்டும், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 7,800. வேலையை விடாதீர்கள் என்று நான் சொன்னது இதனால்தான். இருபத்தைந்தாயிரம் ரூபாய் வகுப்புக் கட்டணத்தை இந்த 640 ரூபாயால் வகுத்துப் பாருங்கள். அந்த முதலை மட்டும் மீட்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்.

அந்த வகுப்பில் சொல்லித்தருவது எல்லாம் கூகுளின் உதவிப் பக்கங்களில் இலவசமாகவே இருக்கிறது. பிளாகரில் தளம் தொடங்கக் காசே வேண்டாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். அது தகும், வாங்கிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ், தனி சர்வர் எல்லாம் நாளுக்கு ஆயிரம் பேர் வரத் தொடங்கிய பிறகு யோசித்தால் போதும்.

இனி எதை எழுதுவது என்பதற்கு வருகிறேன். இதில்தான் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் தாமிரபரணிக் கரையில் இருக்கிறீர்கள். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து தினம் இருபது கட்டுரை தயாரிப்பவருக்குத் தெரியாத நூறு விஷயங்கள் உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நவகயிலாயம். பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று ஆற்றோடு போகும் ஒன்பது சிவன் கோயில்கள். ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு உரியது. இணையத்தில் தேடினால் இந்தப் பட்டியல் நூறு தளங்களில் கிடைக்கும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் அதே வரிகள்தான், எழுத்துப்பிழையோடு சேர்த்து.

நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கும் சென்னைக் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலால் பயன் இல்லை. ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மேற்கே பாபநாசத்தில் ஆரம்பித்தால், மதியம் நடை சாத்துவதற்குள் எத்தனை கோயில் முடியும்? சின்ன ஊர்க் கோயில்களில் குருக்கள் எப்போது வந்து திறப்பார்? வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது? ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "கோயிலுக்குப் போங்க" என்றால் அவர் கள்ளபிரான் கோயிலில் கொண்டுபோய் விடுவார். அது நவதிருப்பதிப் பெருமாள் கோயில். நவகயிலாயத்துக்கு உரியது அதே ஊரில் இருக்கும் கைலாசநாதர் கோயில். தென்திருப்பேரையிலும் இதே குழப்பம்தான். அங்கே மகரநெடுங்குழைக்காதர் கோயிலைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். இந்த ஒரு பத்தியை எழுத, அந்த வழியில் போய்வந்த ஒரு ஆள் வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு இதை எழுத முடியாது.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகயிலாயத்துக்கும், புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும் நெல்லையிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுவது வழக்கம். அந்த வருடத்துக்கான கட்டணம், புறப்படும் நேரம், முன்பதிவு செய்யும் இடம் ஆகியவற்றை வேய்ந்தான்குளத்தில் உள்ள புதிய பஸ் ஸ்டாண்டில் போய்க் கேட்டு, அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள். வேய்ந்தான்குளம் வரை போய்வரும் அந்த ஒரு நடைதான் உங்கள் பக்கத்துக்கும் மற்ற நூறு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

தேடுகிறவர் என்ன சொல்லைத் தட்டுகிறார் என்பதையும் யோசியுங்கள். பாபநாசம் என்ற பெயரில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு ஊர் இருக்கிறது. 2015இல் வந்த கமல்ஹாசன் படமும் இருக்கிறது. வெறுமனே "பாபநாசம் செல்லும் வழி" என்று தலைப்பு வைத்தால், கும்பகோணம் பக்கம் போக வேண்டியவரும் படம் தேடுபவரும் உங்கள் பக்கத்துக்கு வந்து இரண்டு நொடியில் திரும்பிவிடுவார்கள். "நெல்லை பாபநாசம்" என்றோ "பாபநாசம், அம்பாசமுத்திரம் அருகில்" என்றோ தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அதேபோல் குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தது. இன்னும் பல தளங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே கிடக்கிறது. இத்தகைய பிழைகள் இருக்கும் பக்கத்தை உள்ளூர்க்காரர் ஒரு பார்வையிலேயே நம்பாமல் விட்டுவிடுவார்.

ஊரில் இல்லாத நெல்லைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். மும்பையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நம் மாவட்டத்து ஆட்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்துக்காரர்கள் ஊர்ச் செய்திக்கென்றே தனியாக இணையதளம் நடத்தி, உலகம் முழுக்க இருக்கும் தங்கள் மக்களை அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சார்ஜாவில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படி எடுப்பது, பட்டாவில் அப்பா பெயரை எப்படி மாற்றுவது, அண்ணனுக்கு எப்படிப் பவர் கொடுப்பது என்று இரவில் உட்கார்ந்து தேடுகிறார். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்தைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைவு, விளம்பர விலை அதிகம். ஆனால் தப்பாக எழுதினால் ஒருவருடைய சொத்தில் சிக்கல் வரும். உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டித் திருத்தாமல் ஏற்றாதீர்கள்.

மறுபக்கம், "மணிமுத்தாறு அணை நீர்மட்டம் இன்று", "குற்றாலத்தில் குளிக்க அனுமதி உண்டா" என்பவற்றைச் சீசனில் ஏராளமானோர் தேடுவார்கள். ஆசையாக இருக்கும். ஆனால் இவை ஒற்றை வரியில் முடியும் கேள்விகள். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த கூகுளின் ஏ.ஐ. சுருக்கம் போன்ற வசதிகளால், இப்படிப்பட்டவற்றுக்குத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே விடை வந்துவிடுகிறது. யாரும் உள்ளே வரமாட்டார்கள். விரிவாகச் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். அணை நீர்மட்டம் எத்தனை அடி என்பதைச் செய்தித்தாள் சொல்லும். இந்த மட்டத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, கன்னடியன் கால்வாய்க்கு எப்போது வரும், மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடை வரை போகுமா, கடந்த ஆண்டுகளில் பிசானச் சாகுபடிக்கு என்று திறந்தார்கள் என்பதை ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான் சேர்த்து எழுத முடியும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் பக்கத்தில்தான் இருக்கின்றன. சந்தேகம் கேட்டு எழுதினால் பக்கத்தின் தரம் உயரும்.

ஏ.ஐ. மென்பொருளிடம் சொல்லி ஒரே நாளில் ஐம்பது கட்டுரை இறக்கிவிடலாமே என்று தோன்றும். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளை இறுக்கியது. தேடலில் முன்னுக்கு வருவதற்காக மட்டும் மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், குப்பையாகவே நடத்துவோம் என்று சொல்லிவிட்டது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எடுத்துப் போடுவதும் அப்படித்தான். புதுமைப்பித்தன் கதைகளை வெளியிட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அவை ஏற்கெனவே எத்தனையோ இடங்களில் இருக்கின்றன. அதை வைத்து ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்தால் "மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்" என்ற பதில்தான் வரும். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டுவதையும் சினிமாப் பாடல் வரிகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை பிறர் உடைமை.

விண்ணப்பிக்கும் முன் இருபது முப்பது நல்ல பக்கங்களாவது இருக்கட்டும். கூகுள் இப்படி ஓர் எண்ணிக்கை விதிக்கவில்லை, இது என் அளவுகோல். நீங்கள் யார், எப்படித் தொடர்புகொள்வது, வருகிறவர்களின் தகவல் எப்படிக் கையாளப்படும் என்ற மூன்று பக்கங்கள் அவசியம். உங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே கணக்குதான்.

அனுமதி கிடைத்த அன்று ஒரு ஆபத்து ஆரம்பமாகும். நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நம்ம சைட்டுக்கு கூகுள் விளம்பரம் வந்துட்டு" என்று போடுவீர்கள். ராத்திரி மச்சான் கூப்பிடுவார்: "ஏல, உன் சைட்டுல வந்த வெளம்பரத்த நானும் பசங்களும் ஆளுக்குப் பத்து தடவ அமுக்கிட்டோம்ல!" பாசத்தில் செய்ததுதான். ஆனால் கூகுளின் கணக்கில் அது மோசடிக் க்ளிக். விளம்பரதாரர் அதற்குக் காசு கட்டக் கூடாது என்பதால், உங்கள் இருப்பிலிருந்து பிடித்து அவருக்குத் திருப்பிவிடுவார்கள். தொடர்ந்தால் கணக்கையே முடக்குவார்கள். முடக்கிய பிறகு வேறு பெயரில் புதிதாகத் தொடங்குவதும் விதிமீறல். ஆகவே அனுமதி வந்த செய்தியை யாருக்கும் சொல்லாதீர்கள். பக்கத்தை மட்டும் பகிருங்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் "யாரும் விளம்பரத்தைத் தொடாதீங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் பக்கத்து விளம்பரத்தைச் சோதனைக்குக்கூட அமுக்கக் கூடாது. சந்தேகத்துக்குரிய க்ளிக் வந்ததாகத் தெரிந்தால், அதைத் தெரிவிப்பதற்கென்றே கூகுளில் ஒரு படிவம் இருக்கிறது. முந்திக்கொண்டு நிரப்புங்கள்.

அடுத்தது பெயர் விவகாரம். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன் என்று இருக்கும். பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்திருப்பார்கள். வங்கிக் கணக்கில் முருகன் எஸ் என்று கிடக்கும். ஆட்சென்ஸில் நீங்கள் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், பதினான்கு மாதம் காத்திருந்து வந்த 100 டாலர் திரும்பிப் போய்விடக்கூடும். விண்ணப்பிக்கும் முன்பே பான், வங்கி, ஆட்சென்ஸ் மூன்றிலும் ஒரே எழுத்து வரும்படி சரிசெய்துகொள்ளுங்கள்.

இருப்பு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். சாதாரணத் தபால்தான், வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் உங்கள் பக்கத்தில் விளம்பரம் நின்றுவிடும். முகவரியைத் தபால்காரர் கொண்டுவந்து சேர்க்கும்படி எழுதுங்கள்: கதவு எண், தெரு, ஊர், தபால் நிலையம், 627 அல்லது 628 என்று தொடங்கும் சரியான பின்கோடு. ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பணம் டாலரில் வெளிநாட்டிலிருந்து வரும், மாதம் 21லிருந்து 26ஆம் தேதிக்குள். உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். சின்ன ஊர்க் கிளைகளுக்குத் தனியாக இருக்காது. அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளை எது என்று மேலாளரிடம் கேட்டு, அதன் குறியீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் வங்கி கட்டணம் பிடிக்கலாம். அதனால் ஆட்சென்ஸில் குறைந்தபட்சத் தொகையை 100 டாலருக்கு மேல் உயர்த்தி வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும்படி செய்தால் மிச்சம். வெளிநாட்டிலிருந்து வருவதால் இங்கே வரி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் வருமானம், கணக்கில் காட்ட வேண்டியது. வரி கட்டும் அளவுக்கு வராவிட்டாலும் ரிட்டர்னில் குறிப்பிட்டு வைப்பது பின்னால் கடன் வாங்கும்போது உதவும்.

இப்போது கூகுளை நம்பியிராத ஒரு வழி. நவகயிலாயப் பக்கத்துக்கு மார்கழியில் ஆட்கள் வரத் தொடங்கியதும், நெல்லை ஜங்ஷனில் வேன் வைத்திருப்பவர் ஒருவரிடம் போய்க் காட்டுங்கள். "இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் எல்லோரும் வண்டி தேடுகிறவர்கள்தான். உங்கள் போன் நம்பரைப் போடுகிறேன், மாதம் 500 ரூபாய் கொடுங்கள்" என்று கேளுங்கள். பத்தமடைப் பாய் விற்கும் வீட்டிலும் கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரரிடமும் கேட்கலாம். மூன்று பேர் சம்மதித்தால் 1,500 ரூபாய். நாளுக்கு 500 பார்வைக்கு ஆட்சென்ஸ் கொடுப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆட்சென்ஸ் விளம்பரத்தோடு இதையும் வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆனால் "விளம்பரம்" என்று தெளிவாக எழுதிப் போடுங்கள், இணைப்பு கொடுத்தால் அது விளம்பர இணைப்பு என்று கூகுளுக்கும் தெரியும்படி குறியிடுங்கள். காசு கொடுத்தார் என்பதற்காக மோசமான வண்டியைப் பரிந்துரைக்காதீர்கள். உள்ளூர்த் தளத்தில் ஒருமுறை பெயர் கெட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே உங்களை நிறுத்திக் கேட்பார்கள்.

"தூங்கும்போது வருமானம்" என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணியின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கினார்கள். ஏரல் பாலத்து வழி துண்டிக்கப்பட்டது. அந்த வாரங்களில், பழைய வழியையே சொல்லிக்கொண்டிருந்த பக்கத்தை நம்பி யாராவது வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தகவல் தளம் நடத்துகிறவருக்கு இந்தப் பொறுப்பு உண்டு. பேருந்து நேரம் மாறும், கட்டணம் ஏறும், வனத்துறை மணிமுத்தாறு அருவிக்கு வழியை மூடும், திறக்கும். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்று தேதி போடுங்கள். வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். முடியாதென்றால் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தத் துறையின் பெயரைச் சொல்லி நடக்கும் வேறு ஒரு வியாபாரம். விளம்பரத்தைப் பார்த்தால் பணம், அமுக்கினால் பணம், ஆள் சேர்த்தால் இன்னும் பணம் என்று சொல்லும் செயலிகள். 2024 ஜனவரியில் கோவையில் மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிந்தபோது, அதற்கு ஆதரவாக நீலம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: காசு எந்தத் திசையில் போகிறது? உண்மையான விளம்பர வருமானத்தில் விளம்பரதாரர் கொடுக்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். ஆட்சென்ஸில் சேர ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. உறுப்பினர் கட்டணம், டெபாசிட், "டாஸ்க்" முடிக்க முன்பணம் என்று உங்களிடம் யாராவது கேட்டால், அங்கே சம்பாதிப்பவர் நீங்கள் இல்லை. ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

அந்த இருபத்தைந்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரத்துக்கு ஒரு முகவரி வாங்குங்கள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலேயே நவகயிலாயத்தின் ஒன்பது ஊர்களுக்கும் போய்வந்து, நடை திறக்கும் நேரத்தைக் குருக்களிடமே கேட்டு எழுதுங்கள். புதுத் தளத்தைக் கூகுள் கண்டுகொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். மார்கழி ஞாயிறுக்கான பக்கம் ஐப்பசி முடிவதற்குள் ஏறியிருக்க வேண்டும்.